செல்லக்கனிக்கு வந்த சோதனை

நொச்சிவிளையில் முதன்முதலாக ஆள் மாறியது கோமதி டீச்சர்தான். பத்தாம் வகுப்புக்கு மின்னோட்டம் நடத்திக்கொண்டிருந்தவள், வீட்டில் தண்ணீர் இல்லையே என்று நினைப்பு வந்து, பாடத்துக்கு நடுவிலேயே போனை எடுத்து, லாரித் தண்ணி சொல்லிவைக்கும் வெப்சைட்டைத் திறந்து, அதில் 'வணக்கம், மைதீன்' என்றிருந்ததை வாய்விட்டுப் படித்தாள், படித்ததும் சாக்பீஸைக் கீழே வைத்தாள், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள், மெயின்ரோட்டுக்கு நடந்து மைதீன் பாய் கறிக்கடைக்குள் ஏறி, கொக்கியில் தொங்கிய ஆட்டுத்தொடையை இறக்கிக் கட்டையில் போட்டு, பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாத கையால் ஒரே சீராக வெட்டத் தொடங்கினாள்.

"எலும்போடயா, தனிக்கறியா?" என்று கேட்டாள்.

நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முன்னால் நின்றவர் வீட்டில் விருந்தாள் காத்திருந்ததால் அவருக்கு ஆச்சரியப்பட நேரமில்லை. "தனிக்கறி. ஈரல் கொஞ்சம் சேத்துப் போடுங்க டீச்சர்" என்றார்.

மைதீன் பாயோ அந்நேரம் தன் போனில் 'வணக்கம், கோமதி' என்று பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடத்துப் படியேறி, லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு, பத்தாம் வகுப்புக்குள் நுழைந்து, "சைலன்ஸ். ஓம் விதியில எங்க விட்டோம்? கடைசி பெஞ்ச், உன்னத்தான்" என்று தொடங்கியிருந்தார். கடைசி பெஞ்சு எழுந்து நின்றது. பாயிடம் அன்றுதான் பயந்தது.

அந்த வெப்சைட்டைச் செய்தவள் சங்கரவடிவு. கம்ப்யூட்டர் படித்து, ஹைதராபாத்தில் வேலையும் கிடைத்து, அம்மா செல்லக்கனி "மாட்டேன்னா மாட்டேன்" என்றதால் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தவள். செல்லக்கனிக்கு மாட்டேன் என்பதற்குக் காரணம் தேவைப்படாது. லாரிக்காரன், பால்காரன், மின்வாரியம், மதிலுக்கு அந்தப் பக்கத்துத் தங்கபுஷ்பம், தங்கபுஷ்பத்தின் முருங்கை மரம், அந்த முருங்கை இந்தப் பக்கம் உதிர்க்கும் இலை என்று காலையில் வரிசையாகத் திட்டத் தொடங்கினாள் என்றால், தெருவில் கடிகாரம் பார்க்கிறவர்கள் குறைவு. "செல்லக்கனி இப்பம்தான் பால்காரன்ட்ட வந்திருக்கா, மணி ஆறரைதான்" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார்கள்.

வடிவு சும்மா இருப்பதைப் பார்த்த வியாபாரிகள் சங்கத் தலைவர் பொன்பாண்டி அண்ணாச்சி, "லாரி வந்தா பொம்பளைய குடத்தாலயே அடிச்சிக்கிடுதாவம்மா, போன்லயே சொல்லிவைக்க மாதிரி என்னமும் செய்யேன்" என்று கேட்டார். வடிவு செய்தாள். அது செஷன் என்ற ஏற்பாட்டில் ஓடியது. கோயில் வாசலில் செருப்பு விடுகிற இடம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே வருகிறவர் கையில் சர்வர் ஒரு டோக்கனைக் கொடுக்கும். அந்த டோக்கனுக்கு ஒரு டப்பா வைத்து, வந்தவர் பெயர், தெரு, எத்தனை குடம் என்று அதில் போட்டுக்கொள்ளும். அவர் வெளியே போனதும் டப்பாவைக் கவிழ்த்துவிடும்.

அண்ணாச்சி எல்லாவற்றையும் பார்த்தார், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார், கடைசிப் பொத்தானில் வந்து விரலை நிறுத்தினார். 'வெளியேறு' என்றிருந்தது.

"ஏம்மா, வந்த மனுசனப் பாத்து வெளியேறுன்னா சொல்லுவ?"

"எல்லா வெப்சைட்லயும் அப்படித்தான் அண்ணாச்சி இருக்கும்."

"எல்லாவனுக்கும் மரியாத தெரியலன்னா நமக்கும் தெரியக்கூடாதா? 'போயிட்டு வாரேன்'னு மாத்து தாயி."

வடிவு சிரித்துக்கொண்டே மாற்றினாள். மேலே இருந்த எழுத்தை மட்டும்தான். கீழே டப்பாவைக் கவிழ்க்கிற வரி அப்படியேதான் இருந்தது.

கோமதி டீச்சருக்கு அப்புறம் ஊரில் தினம் நாலைந்து பேர் மாறினார்கள். போனில் யார் பெயருக்கு வணக்கம் வந்ததோ அவராகவே ஆகி, அடுத்த தடவை தண்ணி சொல்கிற வரைக்கும் அவராகவே இருந்தார்கள். ஊர் முதலில் திகைத்தது, அப்புறம் பழகியது, அப்புறம் இதில் என்ன லாபம் என்று பார்க்க ஆரம்பித்தது. "சாப்ட்டாச்சா?" என்று கேட்ட வாய்கள் "இன்னைக்கு யாரு?" என்று கேட்டுவிட்டு அதற்குத் தகுந்தபடி அண்ணே என்றோ மதினி என்றோ கூப்பிட்டன. சாமி வந்து ஆடுகிற ஊர்தானே, ஓர் உடம்புக்குள் இன்னோர் ஆள் வருவது என்ன புதுசா, சாமி செவ்வாய் வெள்ளி பார்த்து வரும், இது தண்ணி சொன்னால் வரும் என்று டீக்கடையில் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். பரீட்சை எழுதுகிற பிள்ளைகளைப் பெற்றவர்கள், கோமதி டீச்சர் போனை வைத்த கையோடு, டீச்சரே வந்து எழுதட்டும் என்று தங்கள் பிள்ளையைத் தண்ணி சொல்லச் சொன்னார்கள். அப்படிச் சொன்ன ஒருவனுக்கு லாரி டிரைவர் ரெஜினால்டு விழுந்து, பரீட்சை ஹாலுக்குள் அவன் பின்பக்கமாகவே நடந்து போய் உட்கார்ந்தான். வரப்புத் தகராறில் கோர்ட்டுக்குப் போன பங்காளிகள் இரண்டு பேரும் ஒருவராக இன்னொருவர் மாறிப்போய், அதே வரப்புக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாறி நின்று, அதே ஆவேசத்தோடு அதே கெட்ட வார்த்தையைத் திட்டிக்கொண்டார்கள்; வழக்கு நின்ற இடத்தில் நின்றது. பெண் பார்க்க வருகிறவர்கள், "மாப்பிள்ளைக்குக் குடிக்கிற பழக்கம் உண்டா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "மாப்பிள்ளை வீட்டில் கிணறு உண்டா?" என்று கேட்டார்கள். கிணறு இருந்தால் தண்ணி சொல்ல வேண்டாம், ஆள் மாறமாட்டான். தண்ணீர் மட்டும் ஒரு நாளும் தவறாமல் எல்லா வீட்டுக்கும் வந்தது. ஆனால் பக்கத்துத் தெருவில் வந்தது.

செல்லக்கனி மட்டும் மாறவில்லை. அவள் போனில் பேசுவதோடு சரி, தண்ணி சொல்வதில்லை. வாயாலேயே தண்ணி வாங்கினவள். ஒரு காலையில் லாரி தன் வாசலைத் தாண்டிப் போனதும் ஓடிப் போய் மறித்தாள். ரெஜினால்டுக்குள் அன்றைக்கு பேங்க் கேஷியர் இருந்தார். அவர் கண்ணாடியை இறக்கி, "அடுத்த கவுண்டர்" என்றார், ஏற்றிக்கொண்டார்.

செல்லக்கனிக்கு இப்படி ஒரு பதில் வாழ்க்கையில் வந்ததில்லை. வீட்டுக்குள் வந்த வேகத்தில், "குடுட்டி அந்த எழவ, என்ன மயித்தத்தான் எழுதி வச்சிருக்கன்னு பாக்கேன்" என்று மகள் போனைப் பிடுங்கி, ஒற்றை விரலால் குத்தினாள்.

'வணக்கம், சோதனை' என்று வந்தது.

வடிவு போனை எட்டிப் பார்த்தாள். சோதனை என்று ஊரில் ஆளே கிடையாது. வெப்சைட் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க அவளாக விளையாட்டுக்கு எழுதிப் போட்ட பெயர் அது: பெயர் சோதனை, தகப்பன் பெயர் சோதனை, தெரு ஒன்று, வீடு ஒன்று, குடம் ஒன்று, வேறு விவரம் ஏதேனும் என்ற இடத்தில் 'எதுன்னாலும் சரி'.

அம்மாவின் நெற்றிக்கு ஏறியிருந்த புருவம் இரண்டும் மெல்ல இறங்கி, வடிவு ஒரு நாளும் பார்த்திராத ஓர் இடத்தில் போய் உட்கார்ந்தன.

"வணக்கம்" என்றாள் அம்மா. "நான் சோதனை. எங்க இருக்கட்டும்?"

"உன் வீடும்மா இது."

"சரி" என்றாள் அம்மா, காட்டிய இடத்தில் உட்கார்ந்தாள்.

செல்லக்கனி வீட்டுக்குச் சோதனை வந்திருக்கிறது என்று தெருவில் பேச்சுப் போனது. விவரம் தெரியாத பக்கத்து ஊர்ச் சொந்தக்காரர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே பஸ் ஏறி வந்தார்கள். வந்து பார்த்தால் செல்லக்கனி சிரித்த முகமாக, வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள். சீனி இல்லையே என்றால் "சரி" என்றாள், சீனி கூடிப்போச்சே என்றாலும் "சரி" என்றாள். பால்காரன் தண்ணீர் ஊற்றினான், சரி என்றாள். அவன் வெட்கப்பட்டுப்போய் மறுநாள் நல்ல பால் கொண்டுவந்தான், அதற்கும் சரி. தங்கபுஷ்பத்தின் முருங்கை இலையை அவளே கூட்டி மூலையில் அம்பாரமாகக் குவித்தாள். தங்கபுஷ்பம் மதில்மேல் தாடையை வைத்துக்கொண்டு படம் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்தாள்.

"வடிவு, உனக்குப் புண்ணியமாப் போவும். எவனச் சரி பண்ணினாலும் பண்ணு, இவள மட்டும் தொட்றாத. எனக்குப் பிரஷர் எறங்கியிருக்குன்னு டாக்டர் சொல்லுதாரு."

வடிவுக்கும் ஓர் ஆசை எட்டிப் பார்க்கத்தான் செய்தது. வருகிற திங்கட்கிழமை ஹைதராபாத்தில் இருந்தால் வேலை. இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். அம்மா பக்கத்தில் போய் நின்றாள். மதிலுக்கு அந்தப் பக்கம் தங்கபுஷ்பத்தின் தலை தெரிந்தது.

"அம்மா, நான் ஹைதராபாத்துக்குப் போகட்டுமா?"

"போம்மா."

அவ்வளவு சுலபம். வடிவு ஒரே ஓட்டமாக உள்ளே போய், வருகிறேன் என்று மெயில் அனுப்பினாள், பெட்டியை இறக்கினாள், துணியை அடுக்கினாள். பச்சைச் சுடிதாரை வைக்கவா என்று கேட்டாள், சரி. சிவப்பை வைக்கவா, சரி. இரண்டும் வேண்டாமா, சரி. அடுக்கிக்கொண்டிருந்த கை நின்றது.

"அம்மா, நான் போகாம இங்கயே இருந்திரட்டா?"

"இரும்மா."

"இப்படியே போயி கெணத்துல விழட்டா?"

"விழும்மா" என்றாள் அம்மா, அதே சிரிப்போடு.

வடிவு பெட்டிமேல் உட்கார்ந்தாள். இந்தச் சம்மதத்தை எடுத்துக்கொண்டு ஹைதராபாத் இல்லை, தெருமுக்குவரைகூடப் போக முடியாது என்று தெரிந்தது. விடமாட்டேன் என்று சொல்லத் தெரிந்த ஒரு வாய் போ என்று சொன்னால்தான் அது போ. பெட்டிக்குள்ளிருந்து லேப்டாப்பைத் திரும்ப எடுத்தாள்.

செஷன் தொடங்குகிற வரிக்கு முன்னால் ஏதாவது இடைவெளி விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள், இல்லை. இரண்டு இடத்தில் ஒரே பெயரை வைத்து ஒன்றின்மேல் ஒன்று எழுதிவிட்டோமா என்று பார்த்தாள், இல்லை. டப்பாவைக் கவிழ்க்கிற வரியைத் தடவித் தடவிப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது. இன்டர்நெட்டில் கேள்வி போட்டாள். 'இது ஏற்கெனவே கேட்கப்பட்ட கேள்வி' என்று யாரோ கதவைச் சாத்திவிட்டுப் போனார். கூடப் படித்தவனுக்குச் சென்னைக்குப் போன் போட்டாள். "என் மெஷின்ல நல்லா ஓடுதே மச்சி" என்றான். "உன் மெஷின்ல எங்கம்மா இல்லையேடா" என்று வைத்துவிட்டாள். கடைசியில் எல்லாரும் செய்வதைச் செய்வோம் என்று சர்வரை நிறுத்தினாள். அப்போது ஊரே நின்றது. டீ ஆற்றியவர் ஆற்றிய கையோடு, சைக்கிளில் போனவர் ஒரு கால் ஊன்றியபடி, சண்டை போட்டவர்கள் சட்டையைப் பிடித்தபடி, யாரென்றே தெரியாத முகங்களோடு நின்றார்கள். அம்மா காப்பி டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றாள், யாருக்கு நீட்டுகிறாள் என்பது அவளுக்கும் தெரியவில்லை. வடிவு பதறிப்போய் சர்வரைத் திரும்ப ஓடவிட்டாள். டப்பாவுக்குள் இருந்தது வெறும் பெயரும் தெருவும் இல்லை, மொத்த ஆளே இருந்தார். வெளியிலிருந்து ஒருத்தி அள்ளிக் கொட்ட முடியாது. அவரவராக விட்டுக் கொடுக்க வேண்டும். எப்படி விடுவார்கள்? அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அந்த வாரம் சுடலைமாடன் கோயில் கொடைவிழா. சனிக்கிழமை மத்தியானம் உச்சிக்கொடைக்கு மேளம் உச்சத்தில் போனபோது, சாமியாடி உடம்பு குலுங்கியது, கண் செருகியது, ஆள் துள்ளி நடுவில் வந்து நின்றார். அண்ணாச்சி தலைவர் என்ற முறையில் கைகட்டிக்கொண்டு முன்னால் போனார்.

"வந்திருக்கது யாரு?"

"ரெஜினால்டு" என்று உறுமினார் சாமியாடி. "ரிவர்ஸ் எடுக்கணும், ஓரம் போங்கலே!"

காலையில் கொடைக்குத் தண்ணி சொன்னது அவர்தான் என்று பின்னால் தெரிந்தது. கூட்டம் மறுபேச்சு இல்லாமல் ஓரம் போனது. சாமியாடி பின்பக்கமாகவே கோயிலைச் சுற்றினார். ஒரு சுற்று முடிந்தது, இரண்டு சுற்று முடிந்தது, மாடன் வருகிற வழியைக் காணோம். அண்ணாச்சிக்குப் பொறுமை போய்விட்டது. விபூதியை அள்ளிச் சாமியாடி நெற்றியில் அப்பி, "போதும் அப்பா, மனசு குளுந்து மலையேறும்" என்று சாமியை வழியனுப்புகிற மாதிரியே சொன்னார்.

"மலையேறுதேன்" என்றார் சாமியாடி, விழுந்தார்.

கூட்டத்துக்கு வெளியே, கேஷியராக நின்று எல்லார் பின்னாலும் வரிசை பார்த்துக்கொண்டிருந்த ரெஜினால்டு திடுக்கிட்டு, "ஏ, என் வண்டிச் சாவிய எவம்லே எடுத்தான்?" என்று கத்தினான். அசல் ரெஜினால்டு குரல். சாமியாடியும் எழுந்து உட்கார்ந்து, சாமியாடியாகவே மூக்கு உறிஞ்சினார்.

பொங்கல் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்ற வடிவுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தச் சர்வர் கீழே எழுதின வரியைக் கேட்கவில்லை, போகிறவர் சொன்னதைக் கேட்கிறது. ஊரே போயிட்டு வாரேன், போயிட்டு வாரேன் என்று பொத்தானை அமுக்கிவிட்டுப் போயிருக்கிறது. வாரேன் என்கிறவர் வைத்துவிட்டுப் போனதை எப்படிக் கொட்டுவது என்று ஒவ்வொரு டப்பாவையும் அது பத்திரமாக வைத்திருக்கிறது. வைக்க இடமில்லாமல் போனதும், அடுத்து வந்தவர் கையில் பழைய டப்பா ஒன்றை எடுத்து நீட்டியிருக்கிறது.

வெளியேறு என்று எழுதினால் அண்ணாச்சி முதல் ஆளாகச் சண்டைக்கு வருவார். போறேன் என்று எழுதினால் வீட்டுப் பெண்கள் வாயில் அடித்துக்கொள்வார்கள், எவரும் தொடமாட்டார். வடிவு கோயில் மதிலில் லேப்டாப்பை வைத்து, பொத்தானில் 'மலையேறு' என்று மாற்றினாள். மலையேறச் சொன்னால் யாருக்குக் கசக்கும்? இத்தனை நாளும் சாமியாகத்தான் இருந்தோமோ என்று ஒவ்வொருவருக்கும் ஒரு சந்தேகம் வந்து, முகத்தில் ஒரு களையும் வந்து, எல்லாரும் போனை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு அமுக்கினார்கள். அன்றைக்கும் கறிக்கடையில் நின்ற கோமதி டீச்சர் கத்தியைப் பார்த்து அலறினாள். ஸ்பெஷல் கிளாஸில் மைதீன் பாய் கையில் சாக்பீஸைப் பார்த்து, அதைவிடப் பெரிதாக அலறினார்.

வீட்டில் சோதனை முருங்கை இலை கூட்டிக்கொண்டிருந்தாள். வடிவு போனை நீட்டினாள்.

"இத அமுக்கணும்."

"சரி" என்று வாங்கியவள், பொத்தானைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். வந்ததிலிருந்து அவள் ஒன்றும் கேட்டதில்லை. "எனக்கு எந்த மலைம்மா?"

வடிவு சுற்றிலும் பார்த்தாள். தெரு ஒன்று, வீடு ஒன்று, அவ்வளவுதான் எழுதியிருந்தாள், மலை எழுதவில்லை. மதிலுக்கு மேலே, தூரத்தில் நீலமாக மகேந்திரகிரி தெரிந்தது. "அதோ, அந்த மலை" என்றாள் வாய்க்கு வந்தபடி. "நல்ல காத்து. தண்ணிக் கஷ்டம் கெடையாது."

"எதுன்னாலும் சரி" என்றாள் சோதனை. மலையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள், அமுக்கினாள்.

புருவம் இரண்டும் மேலே ஏறின.

"ஏட்டி, இந்த முருங்க எலைய இங்க குவிச்சது எவ?" என்றாள் அம்மா. "அவ வீட்டு எலைய நான் கூட்டணுமா? என் கைல வாரியல எவ குடுத்தா? பால்காரன் வந்தானா? இது என்ன பெட்டி?"

வடிவு அழுகிற மாதிரி சிரித்தாள். அப்புறம் கேட்டுவிட்டாள். "அம்மா, திங்கக்கிழம வேல. ஹைதராபாத்துக்கு நான் போகட்டுமா?"

அம்மா உதடு 'மா' சொல்வதற்காக ஒட்டியது. ஒட்டிய உதடு பிரிவதற்குள் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து தங்கபுஷ்பம், பிரஷர் திரும்ப ஏறிய குரலில் குறுக்கே விழுந்தாள்.

"இனி எங்க போக? போம்மான்னு சொன்னது சோதனைலா. அந்தச் சம்மதம் செல்லாது. இவளாவது பிள்ளைய அனுப்புறதாவது!"

அம்மா மெதுவாகத் திரும்பினாள்.

"எது செல்லாது?"

"நீ சொன்னது."

"எந்த வாயால சொன்னேன்?"

"உன் வாயாலதான். ஆனா அது நீ இல்லைலா."

"என் வாயி என் மூஞ்சிலதான இருந்துச்சு? இல்ல உன் முருங்க மரத்துல காச்சுத் தொங்குச்சா?"

"உனக்கு நெனப்பே இல்லையேட்டி, செல்லக்கனி!"

"நெனப்பு இருக்கோ, இல்லையோ! என் வாயில வந்தத செல்லாதுன்னு சொல்ல நீ எந்த ஊரு ஜட்ஜு? போவா! நான் சொன்னேன், என் பிள்ள போவா! இன்னைக்கே போவா! நீ மதில்ல தொங்கிக்கிட்டே பாரு!"

சண்டை சூடு ஆறுவதற்குள் அம்மாவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்குக் கண்டக்டரோடு ஒரு சண்டை, பெட்டி வைக்கிற இடத்துக்கு டிரைவரோடு ஒரு சண்டை. அம்மா ஒரு காலைப் படியிலிருந்து எடுக்காததால் பஸ் கொஞ்ச நேரம் கிளம்பவே இல்லை. "அக்கா, நீங்களும் வாரீயளா?" என்று கண்டக்டர் கும்பிட்ட பிறகுதான் எடுத்தாள். மகள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

அம்மா தன்னை அனுப்பினாளா, தங்கபுஷ்பத்தை ஜெயித்தாளா? வள்ளியூர் வரைக்கும் வடிவுக்கு விளங்கவில்லை. வள்ளியூர் தாண்டியதும் போன் அடித்தது.

"ஏட்டி, யாரக் கேட்டுட்டுப் போற?"

"உன்னக் கேட்டுத்தாம்மா."

அந்தப் பக்கம் வாரியலைக் கீழே போடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி" என்றது குரல்.

மறுபடியும் சோதனையா என்றிருந்தது வடிவுக்கு. போனைக் காதிலிருந்து எடுத்து, பேசுவது யார் என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். திரும்பக் காதில் வைத்தபோது குரல் ஏறிக்கொண்டிருந்தது.

"...கேக்குதா, இல்லையா? போனதும் அங்க தண்ணி எப்படின்னு பாத்துச் சொல்லு. சரியில்லன்னா யாருகிட்டப் பேசணும்னு கேட்டு வையி. நான் வாரேன்."